‘ஆக்கம்’ தேடியபோது: தமிழ்ப் பேரகராதியின் மின்பதிப்பு

‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை’ என்ற குறளை (463) என் மகள் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் கைப்பேசியிலிருந்த அகராதிச் செயலி ஒன்று ஆக்கம் என்பதற்குப் ‘படைப்பு’ என்ற ஒரே பொருளைக் காட்டியது. படைப்பைக் கருதினால் முதல் எப்படிப் போகும் என்று அவள் கேட்டதற்கு விடை தேடித்தான் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் மின்பதிப்பைத் திறந்தோம்.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் அநுபந்தமும் பெற்ற இந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் யாவரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஆக்கம் என்று தேடினால் பெருக்கம், இலாபம், செல்வம் எனப் பொருள்கள் வரிசையாக வருகின்றன. இலாபம் என்பதைப் பொருத்தியதும் குறள் தெளிந்துவிட்டது: வரப்போகும் ஊதியத்தை நம்பிக் கையிலிருக்கும் முதலையும் தொலைக்கும் செயலில் அறிவுடையார் இறங்கமாட்டார். அதே இலாபத்தை ‘ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்’ (594) என்ற இடத்தில் வைத்தால் ஒட்டவில்லை. தளராத ஊக்கமுடையவன் இருக்குமிடத்துக்கு வழி கேட்டுக்கொண்டு தானே போய்ச் சேர்வது செல்வம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் போதும் என்று எண்ணும் செயலிகளிடம் இந்த நுட்பத்தை எதிர்பார்க்க முடியாது.

பொருளுக்குப் பக்கத்திலேயே அது ஆளப்பட்ட நூலைச் சுட்டுவதுதான் பேரகராதியின் பெரும் பலம் என்பேன். நூற்பெயர்கள் சுருக்கக் குறிகளாக இருப்பதால் புதியவர்களுக்கு முதல் சில நாள் சிரமமாக இருக்கும். பழகிவிட்டால் அந்தக் குறிகளே மூலநூலுக்கு வழிகாட்டும். ‘ஆக்கபூர்வமான யோசனை’ போன்ற இன்றைய வழக்குகளுக்கு மட்டும் தற்காலத் தமிழ் அகராதி ஒன்றையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.

குறள் படிக்கும் மாணவர்களுக்கும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் உரையையும் அருகில் விரித்து வையுங்கள். ‘அறத்தினூஉங்கு ஆக்கம் எவனோ உயிர்க்கு’ (31) என்ற இடத்துக்கு வந்தபோது இலாபம், செல்வம் இரண்டுமே எங்களுக்கு நிறைவு தரவில்லை. ஆக்கமாவது ‘மேன்மேல் உயர்தல்’ என்று பரிமேலழகர் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு, மகள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.