அப்டேட்டுக்குப் பிறகும் அம்மாவுக்குப் புரிகிற போன்: ஈஸி மோடா, மூன்று பட்டனா?

பிள்ளைகள் பெங்களூரில், அப்பா அம்மா சேலத்திலோ வேலூரிலோ. ராத்திரி போன் அப்டேட் ஆகிவிடும். காலையில் அழைப்பு வரும்: "என்னமோ ஆயிடுச்சு கண்ணு, பழைய மாதிரி இல்ல." இதற்கு மூன்று வழிகள் உண்டு: சாம்சங்கின் ஈஸி மோட், ஐபோனின் அசிஸ்டிவ் ஆக்சஸ், சாதாரண ஆண்ட்ராய்டு திரையை நாமே சரிசெய்து வைப்பது. எங்கள் தேர்வு மூன்றாவது.

ஈஸி மோட், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒரே தட்டு. ஐகான் பெரிதாகும், கீபோர்டு பளிச்சென்று தெரியும், அழுத்திப் பிடிக்க வேண்டிய நேரம் கூடும். கை நடுங்குகிறவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது பெரிய உதவி. ஆனால் பேங்க் ஆப்பைத் திறந்தால் உள்ளே பட்டன்கள் அதே பழைய இடத்தில்தான்.

அசிஸ்டிவ் ஆக்சஸ் 2023இல் ஐஓஎஸ் 17உடன் வந்தது. பெரிய கட்டங்கள், கீழே எப்போதும் ஒரு பின்செல்லும் பட்டன். அழைப்பு, போட்டோ மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான திரை இல்லை என்றே தோன்றுகிறது; மாதக்கணக்கில் பயன்படுத்திவிட்டுச் சொல்வதல்ல இது. யூபிஐ, பஸ் டிக்கெட் என்று போகிறவர்களுக்கு அது சிறிய கூடு.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: ஏதாவது மாறிப்போனால் போனிலேயே வழி சொல்ல முடியுமா? "ஓரத்திலிருந்து லேசாக இழுங்க" என்று விரலசைவைக் குரலில் விளக்கவே முடியாது. வேகம் குறைந்தால் ஒன்று நடக்கும், கூடினால் வேறொன்று. "கீழே நடுவுல இருக்கிற பட்டனைத் தொடுங்கம்மா" என்றால் எந்த ஆப்பில் சிக்கியிருந்தாலும் முகப்புக்கு வந்துவிடலாம். அதனால் முதல் வேலை, நேவிகேஷனை மூன்று பட்டனுக்கு (பின்செல்ல, முகப்புக்கு, சமீபத்தில் திறந்த ஆப்களுக்கு) மாற்றுவது. சாம்சங்கில் பின்செல்லும் குறி வலப்பக்கம், வேறு பல போன்களில் இடப்பக்கம். உங்கள் அம்மாவின் போனில் எது என்று குறித்து வையுங்கள்.

அடுத்தது எழுத்து. எழுத்தளவை மட்டும் உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். உயரம் மாறாத பட்டன்களில் தமிழ்தான் முதலில் அடிபடும்: 'கூ'வின் வால் வெட்டுப்படும், 'சமர்ப்பிக்கவும்' பாதியில் நின்று மூன்று புள்ளியாகிவிடும். எதைச் சமர்ப்பிக்கிறோம் என்றே தெரியாமல் ஒரு மனுஷி பணம் அனுப்ப வேண்டுமா? எழுத்தளவை ஒரு படி, டிஸ்ப்ளே அளவை இரண்டு படி கூட்டுங்கள். டிஸ்ப்ளே அளவு பட்டனையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஹோம் ஸ்கிரீன் லேஅவுட்டைப் பூட்டிவிட்டால் கைதவறி ஐகான் காணாமல் போகாது.

சாம்சங் போன்களின் திரை மென்பொருளான ஒன் யூஐயின் 7ஆம் பதிப்பு, அறிவிப்புகளையும் குவிக் செட்டிங்ஸையும் (வைஃபை, டார்ச் போன்ற சுவிட்சுகள்) இரண்டாகப் பிரித்தது. பழையபடி சேர்க்க, வலது மேல் மூலையிலிருந்து இழுத்து, பென்சில் குறியைத் தொட்டு, பேனல் செட்டிங்ஸில் 'டுகெதர்' தேர்ந்தெடுக்க வேண்டும். பார்வை மங்கியவரால் அந்தப் பென்சிலைக் கண்டுபிடிக்க முடியாது, நீங்கள் நேரில் இருந்தால்தான் ஆகும்.

அதனால் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், அதில் திரை பெரும்பாலும் மாறாது. ஆண்ட்ராய்டு பதிப்பே மாறுகிற பெரிய அப்டேட்டைப் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது நீங்களே போடுங்கள். முடிந்ததும் பட்டன், எழுத்தளவு, பேனல் மூன்றையும் சரிபார்த்து, அம்மா கையாலேயே ஒருமுறை உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.