கேம்ப்பெல் வழியா, ஃபிரெடரிக் போல் வழியா?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சந்தித்துக்கொள்ளும் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் தமிழில் ஓர் அறிவியல் புனைகதை இதழ் தொடங்கப்போகிறார்கள். ஆசிரியராக உட்கார்ந்தால் சொந்த எழுத்து என்னாகும் என்பதுதான் கவலை. அமெரிக்காவில் இந்த இரண்டு குதிரையிலும் சவாரி செய்த இருவரைப் பார்க்கலாம்.

ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1937-இல் 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைகதை இதழுக்கு ஆசிரியராக வந்தார். 1971-இல் இறக்கும்வரை அதே நாற்காலிதான். சொந்தக் கதைகள் சீக்கிரமே நின்றுபோயின. யோசனைகளை மற்றவர்களுக்கு வாரிக் கொடுத்தார். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நட்சத்திரங்கள் தெரிந்தால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்ற அமெரிக்கக் கட்டுரையாளர் எமர்சனின் வரியை 21 வயது எழுத்தாளர் ஐசக் அசிமோவிடம் காட்டினார். பைத்தியம்தான் பிடிக்கும் என்று தன் பதிலையும் சொல்லி எழுத அனுப்பினார். 1941-இல் அது 'நைட்ஃபால்' என்ற கதை ஆனது. ஆனால் அவருடைய இனவாதக் கருத்துகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் பெயரிலிருந்த விருதும் 2019-இல் பெயர் மாறியது.

ஃபிரெடரிக் போல் 19 வயதிலேயே ஆசிரியர். எழுத்தாளர்களுக்கு முகவராகவும் வேலை பார்த்தார். 1960-களில் 'கேலக்ஸி', 'இஃப்' என்ற இரண்டு அறிவியல் புனைகதை இதழ்களுக்கும் ஆசிரியராக இருந்தார். 'இஃப்' 1966 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. அப்புறம் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு எழுத்துக்குத் திரும்பினார். 1977-இல், 57 வயதில், 'கேட்வே' நாவல். அதற்கு ஹ்யூகோவும், இத்துறையின் இன்னொரு பெரிய விருதான நெபுலாவும் கிடைத்தன.

என் ஓட்டு போலுக்கு. கேம்ப்பெல்லிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்: எழுத்தாளர்களுக்கு அவர் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவார்.