1098-ஆ, மகளிர் காவல் நிலையமா?

பக்கத்து வீட்டில் பிள்ளையை தினமும் அடிக்கிறார்கள், யாரிடம் சொல்வது என்று வியாசர்பாடி அத்தை கேட்டார். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பதா, மகளிர் காவல் நிலையத்துக்குப் போவதா என்று அவருக்காகப் போட்ட கணக்கு இது.

செலவு: இரண்டுக்கும் பைசா கிடையாது.

எளிமை: 1098-ஐ வீட்டில் இருந்தே நள்ளிரவிலும் அழைக்கலாம், புகார் கொடுக்க நிலையத்துக்குப் பெரும்பாலும் நேரில் போக வேண்டியிருக்கும்.

பலன்: 1098-இல் சொன்னால் ஆள் வந்து பார்ப்பார்கள்; தேவைப்பட்டால், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு வரை போகும். பெற்றோருக்கு ஆலோசனை, படிப்பை விட்ட பிள்ளையை மறுபடி பள்ளியில் சேர்ப்பது போன்ற உதவிகளும் உண்டு. நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிவானால், அதன் நகல் கைக்கு வரும்.

அடி, பட்டினி, குடித்துவிட்டு வரும் அப்பா என்றால் 1098 போதும். முற்றும்வரை காத்திருக்க வேண்டாம், சந்தேகம் வந்தாலே சொல்லலாம். பாலியல் தொல்லை என்றால் யோசிக்காமல் காவல் நிலையம்தான். பாலியல் குற்றங்களில் இருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி (2012) தெரிந்தும் மறைப்பதே குற்றம். 'ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுக்கணுமே' என்று அத்தை தயங்கினார். தேவையில்லை. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, போலீஸார் சீருடை இல்லாமல் வந்துதான் வாங்க வேண்டும்.

அத்தை அன்று இரவே 1098-ஐ அழைத்தார்.