ஜாஸ் பார்க்க லீக் பாஸ் வாங்கலாமா?

2024-25 சீசனில் 17 வெற்றி, 65 தோல்வி. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் யூட்டா ஜாஸ் அணியின் வரலாற்றிலேயே இதைவிட மோசமான கணக்கு கிடையாது. ஸ்டாக்டனும் மலோனும் ஆடிய அணி, 1984 முதல் 2003 வரை ஒரு வருடம்கூட விடாமல் பிளே ஆஃப் போன அணி, 1997லும் 1998லும் இறுதிச் சுற்று வரை வந்து சிகாகோவிடம் தோற்ற அணி இது. அந்தப் பழைய நினைப்போடு 2025-26 சீசனுக்கு, ஆட்டங்களை இணையத்தில் பார்க்க உதவும் என்பிஏ லீக் பாஸ் சந்தா கட்டினால் நவம்பர் முடிவதற்குள் மனசு வெறுத்துவிடும். இருந்தாலும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் வருடச் சந்தா வேண்டாம், மாதச் சந்தா போதும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் சேவையைப் பற்றி. லீக் பாஸ் மேல் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு உள்ள பெரிய புகார் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தேசிய ஒளிபரப்புக்குப் போன ஆட்டமும் உள்ளூர் அணியின் ஆட்டமும் நேரலையில் வராது. இந்த சீசனிலிருந்து டிஸ்னி, என்பிசி, அமேசான் மூன்றும் சேர்ந்து போட்ட 11 வருட ஒப்பந்தம் வேறு நடைமுறைக்கு வருகிறது, அதனால் லேக்கர்ஸ், வாரியர்ஸ் ரசிகர்களுக்கு லீக் பாஸில் நேரலையாக மிஞ்சுவது இன்னும் குறையும். ஜாஸ் ரசிகர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. கீழே கிடக்கும் அணியை தேசிய ஒளிபரப்புக்கு அதிகம் எடுக்க மாட்டார்கள், ஆகவே கட்டிய காசுக்கு ஏறக்குறைய முழு சீசனும் கிடைக்கும். (யூட்டாவிலேயே இருப்பவர்களுக்கு இது பயன்படாது. 2023-24லேயே அணி கேபிளை விட்டுவிட்டு கேஜேஇசட்இசட் சேனலுக்கு வந்துவிட்டது, ஆண்டெனா இருந்தால் இலவசம்.)

அப்புறம், சுருக்கப்பட்ட ஆட்டம் என்று ஒரு வசதி இருக்கிறது, நேரம் இல்லாதவர்களுக்கு நல்லதுதான், ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் அணிக்கு அதை நம்பாதீர்கள். அதில் பந்து கூடையில் விழுவது தெரியும், அதற்கு முன்னால் இருபது வயதுப் பையன் ஸ்கிரீனில் (வழியை மறித்து நிற்கும் எதிரணி ஆட்டக்காரரிடம்) மாட்டி இரண்டடி பின்தங்கியது தெரியாது. மறுகட்டமைப்பு நடக்கும் அணியில் பார்க்க வேண்டியதே அந்த இரண்டடியைத்தான். முழு ஆட்டத்தின் மறு ஒளிபரப்பைப் போடுங்கள், ஸ்கோரை மறைக்கும் வசதியை இயக்கிவிடுங்கள், இரண்டு அணிகளின் வர்ணனையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் சில சமயம் எதிரணி வர்ணனையைக் கேளுங்கள். நம் பையன்களைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைக்கும்.

சரி, அணிக்கு வருவோம். 2025 கோடையில் கோலின் செக்ஸ்டன், ஜோர்டன் கிளார்க்சன், ஜான் காலின்ஸ் மூவரும் போய்விட்டார்கள். நல்ல இரவில் இருபது புள்ளி எடுக்கத் தெரிந்தவர்கள். அவர்களின் நிமிடங்கள் முழுக்க இப்போது இளசுகளுக்கு. லாரி மார்க்கனென் இருக்கிறார், யூரோபாஸ்கெட்டில் பின்லாந்தை அரையிறுதி வரை இழுத்துக்கொண்டு போய்விட்டு வருகிறார், அந்த மனிதர் போன சீசனில் பெஞ்சில் கழித்த நாட்களை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. அவரை ஆட வைக்காததற்காக லீக் அணிக்கு 1 லட்சம் டாலர் அபராதமே போட்டது.

என் கண் முழுக்க ஏஸ் பெய்லி மேல்தான். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்தாவது தேர்வாக வந்த பையன், உயரமும் கையும் இருக்கிறது, ஒருவர் முகத்துக்கு நேராகக் கை நீட்டினாலும் அதன்மேல் எழும்பிப் போடுவார். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அவரும் டிலன் ஹார்ப்பரும் சேர்ந்து ஆடியும் அணி 15 வெற்றி, 17 தோல்வி என்றுதான் முடித்தது, அதற்கு ஒரு காரணம் இந்தக் கடினமான ஷாட் ஆசை என்பது என் கருத்து. ஆகவே அவர் எத்தனை புள்ளி எடுத்தார் என்று பார்க்காதீர்கள். மூலையில் நிற்கும்போது பந்து வருகிறதா, வந்தவுடன் போடுகிறாரா, இல்லை மூன்று முறை தட்டிவிட்டு, காலைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு, தடுப்பவர் திரும்பி வந்து நின்ற பிறகு பதினெட்டடியில் எழும்புகிறாரா என்று பாருங்கள். ஜனவரிக்குள் அந்தத் தட்டல் ஒன்றாகக் குறைந்தால் இந்த சீசன் வெற்றிதான், அணி எத்தனை ஆட்டம் தோற்றிருந்தாலும்.

பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் கார்டுகள் (guards) விஷயம்தான் குழப்பம். கியான்டே ஜார்ஜுக்கு மூன்றாவது வருடம், இனிமேல் சாக்கு கிடையாது. ஐசயா கோலியர் 2024-25ல் ரூக்கியாக (முதல் வருட ஆட்டக்காரராக) வந்து, அணியில் ஸ்டாக்டன் வைத்திருந்த ரூக்கி அசிஸ்ட் (மற்றவர் கூடை போடக் கொடுக்கும் பாஸ்) சாதனையையே தாண்டினார், ஆனால் வெளியிலிருந்து போடும் ஷாட்டை எதிரணி மதிப்பதே இல்லை, பெயிண்டில் (கூடைக்கு முன்னாலுள்ள பகுதியில்) போய் நின்றுகொண்டு வா என்கிறார்கள். 2025 கோடையில் வால்டர் கிளேட்டன் ஜூனியரும் சேர்ந்தார், புளோரிடாவுக்கு 2025 கல்லூரிச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த கை. மூன்று பேருக்கும் பந்து வேண்டும். கோச் வில் ஹார்டி யாரிடம் நான்காவது குவார்ட்டரில் பந்தைக் கொடுக்கிறார் என்பதில் அணியின் அடுத்த ஐந்து வருடத் திட்டம் தெரிந்துவிடும். வாக்கர் கெஸ்லர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, கூடைக்கடியில் அவர் இருந்தால் தடுப்பு இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. டெய்லர் ஹென்ட்ரிக்ஸ் 2024 அக்டோபரில் கால் உடைந்து சீசனே போனது, அவர் பயமில்லாமல் குதிப்பதைப் பார்த்தாலே எனக்குப் போதும்.

இப்போது மாதச் சந்தா ஏன் என்ற விஷயம். ஜாஸின் 2026 டிராஃப்ட் முதல் சுற்றுத் தேர்வு முதல் எட்டுக்குள் வந்தால்தான் கையில் நிற்கும், ஒன்பதாவதோ அதற்குக் கீழோ போனால் ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விடும், 2025ல் சாம்பியனான அணிக்கு. தோற்ற அணிகளின் தேர்வு வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்யும் லாட்டரியின் விதிப்படி ஒரு அணி தன் இடத்திலிருந்து நான்கு படிதான் சறுக்க முடியும், அதாவது கடைசி நான்கு இடங்களுக்குள் முடித்தால் தேர்வு பத்திரம். அப்படியென்றால் பிப்ரவரிக்குப் பிறகு தோற்பதற்காகவே நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைக்கும் ஆசை வரும் என்று நானே சொல்ல வேண்டியதில்லை. அணி நிர்வாகத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற ஆஸ்டின் ஐஞ்ச், ஆட்டக்காரர்களின் நிமிடங்களைக் குறைக்கும் வேலை இந்த வருடம் இருக்காது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவர் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் பக்கத்திலேயே, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், ஏஜே டிபான்ட்சா ஆடப்போகிறார், டியூக்கில் முன்பு ஜாஸுக்கு ஆடிய நம் கார்லோஸ் பூசரின் மகன் கேமரன் இருக்கிறார், கான்சாஸில் டேரின் பீட்டர்சன். 2026 டிராஃப்டுக்குப் பேசப்படும் இவர்களில் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது மார்ச் மாதம் மார்க்கனெனுக்கு முதுகு வலிக்காமல் இருந்தால் சந்தோஷம்.

தோற்றால் பலன் வந்துவிடும் என்று நினைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பு ஒரே மாதிரி 14 சதவீதம்தான், ஆகக் கடைசி அணி ஐந்தாவது இடத்துக்குச் சரிவதற்கு கிட்டத்தட்ட பாதி வாய்ப்பு இருக்கிறது. போன முறை 65 தோல்விக்குக் கிடைத்தது ஐந்தாவது தேர்வு, 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ் முதல் தேர்வான கூப்பர் ஃப்ளாக்கைத் தூக்கிக்கொண்டு போனது. டெட்ராய்ட் 2023, 2024 இரண்டு வருடமும் கடைசியில் முடித்து இரண்டு முறையும் ஐந்தாவதுதான் வாங்கியது, ஒரே சீசனில் 28 ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணி அது. ஆனால் 14 வெற்றியிலிருந்து அடுத்த வருடமே 44க்கு ஏறினார்கள். அதற்குப் புதுத் தேர்வு காரணமில்லை, ஏற்கெனவே கையில் இருந்த கேட் கன்னிங்ஹாம் முழுதாக வளர்ந்ததும், பக்கத்தில் ஷாட் போடத் தெரிந்த அனுபவசாலிகளை நிறுத்தியதும்தான் காரணம். யூட்டாவில் அந்த கன்னிங்ஹாம் யார் என்று இன்னும் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த சீசன்.

25 வெற்றி வந்தால் எனக்குத் திருப்தி. 30 வந்தால் தேர்வு போய்விடுமோ என்று பயம் வரும், அதையும் மீறிக் கொண்டாடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். அக்டோபரில் மாதச் சந்தா எடுங்கள், பிப்ரவரி வரை விடாமல் பாருங்கள், அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் கெடு முடிந்ததும் மார்க்கனென் இன்னும் இந்த அணியில் இருக்கிறாரா, நான்காவது குவார்ட்டரில் இறங்குகிறாரா என்று பார்த்துவிட்டு அடுத்த மாதத்துக்குப் புதுப்பியுங்கள்.