டாமியா கிங் ஹாலர் 1/14: முதலில் ஓட்டம், அப்புறம்தான் ஜொலிப்பு

ரிமோட்டில் ஓடும் டிரெய்லர் லாரி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, பெட்டியில் போட்டிருக்கும் விலையை நம்பாதீர்கள் என்பதுதான். ஜப்பானின் டாமியா நிறுவனம் விற்கும் கிங் ஹாலர், நிஜ லாரியில் 14-ல் ஒரு பங்கு அளவில் நாமே கட்டும் மாடல். அதன் பெட்டிக்குள் லாரி பாகங்களும் மோட்டாரும் இருக்கும். ரிமோட், ஸ்டீயரிங்கையும் கியரையும் அசைக்கும் சர்வோ என்ற சின்ன மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீடு கன்ட்ரோலர், பேட்டரி, சார்ஜர், பெயின்ட் எல்லாம் தனி. டிரெய்லரும் தனி. எல்லாவற்றையும் கூட்டினால் பெட்டி விலையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். சில வருடங்களாக ஓட்டிப் பார்த்தபின், அந்தப் பணத்தை எந்த வரிசையில் செலவு செய்யலாம் என்பதில் எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

கிங் ஹாலர் 1993-ல் வந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் நீண்ட மூக்கு லாரியின் சாயல். முன்னால் ஒரு அச்சு, பின்னால் இழுக்கும் அச்சு இரண்டு. நான் இருக்கும் ஜெர்மனியில் இந்த மூக்கு விநோதமாகத்தான் தெரியும். ஐரோப்பிய விதிப்படி டிரெய்லரோடு சேர்த்து மொத்த நீளம் 16.5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால், இங்கே எஞ்சின் மேல் கேபினை உட்கார வைத்துச் சரக்குக்கு இடம் மிச்சம் பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் 1982-ல் வந்த சட்டம், மாநிலங்கள் முக்கிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்கு வரம்பு வைப்பதைத் தடுத்தது. அங்கே மூக்கு நீண்டதற்கு அது பெரிய காரணம். மாடல் லாரி ஓட்டும் மைதானத்தில் ஸ்கேனியா, மேன், மெர்சிடீஸ் என்று ஐரோப்பிய லாரிகளின் தட்டை முகங்கள் வரிசையாக நிற்கும்போது என் வண்டியை யாரும் தேட வேண்டியதில்லை.

கட்டும் வேலை சேசிஸில் தொடங்குகிறது. நீளமான இரண்டு அலுமினியச் சட்டங்கள், நடுவில் குறுக்குச் சட்டங்கள். நாமக்கல் பக்கம் வளர்ந்தவன் நான்; பாடி கட்ட வரும் வெறும் சேசிஸை டிரைவர் முண்டாசோடு ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் தனி சுகம். ஒரு கண்ணாடிப் பலகை மேல் வைத்து, எல்லாத் திருகுகளையும் அரைகுறையாக மாட்டி, சட்டம் நான்கு மூலையும் பதிகிறதா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். திருகுகள் ஜப்பானியத் தரத்தில் வருபவை. நம் வீட்டு ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜப்பானிய முனை உள்ளது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்; காசு கொஞ்சம்தான். உலோகத்தோடு உலோகம் சேரும் இடமெல்லாம் திருகு அதிர்வில் கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்கிங் திரவம் ஒரு சொட்டு. குறிப்பாக மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பற்சக்கரமான பினியனின் திருகிலும், பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்டிலும்.

இப்போது செலவு வரிசை. என் கணக்கில் முதல் இடம் மோட்டாருக்கும் பேரிங்குக்கும். ஜெர்மன் நெடுஞ்சாலையான ஆட்டோபானில் லாரிக்கு வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அதை 14-ஆல் வகுத்தால் 5.7, அதாவது மனிதன் கொஞ்சம் வேகமாக நடக்கும் வேகம். பெட்டியோடு வரும் 540 என்ற அளவு மோட்டார் மூன்றாவது கியரில் அதை எளிதாகத் தாண்டும். பார்க்க பொம்மை மாதிரி ஆகிவிடும். உள்ளே கம்பி 35, 45 சுற்று சுற்றிய மெதுவான மோட்டார்கள் தனியாகக் கிடைக்கின்றன. நான் 45 போட்டேன். வண்டி நின்ற இடத்திலிருந்து திணறாமல், குதிக்காமல் மெல்ல நகரத் தொடங்கும் அந்த முதல் சாண் தூரம்தான் லாரி. மூன்று கியரும் சர்வோ வழியாக ரிமோட்டிலேயே மாறும். முதல் கியரை ஏற்றத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அச்சுகள் சுழலும் இடங்களில் வெறும் வளையமான புஷ்ஷுக்குப் பதிலாகப் பால் பேரிங் போடுவதைக் கட்டும்போதே செய்துவிடுங்கள். பிறகு செய்வதென்றால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும்.

பின்னச்சு இரண்டிலும் டிஃபரன்ஷியல் உண்டு; இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு அது. ஈரப் புல்லில் ஒரு சக்கரம் சும்மா சுழல, மற்றவை வேடிக்கை பார்க்கும். கடைசி அச்சை மட்டும் பூட்டிவிட்டேன். இழுவை கூடியது. பதிலுக்கு, திரும்பும் வட்டம் பெரிதாகிவிட்டது. கான்கிரீட் தரையில் டயர் தேயும் சத்தமும் கேட்கிறது. தரை ஓட்டம் மட்டும் என்றால் இதைத் தொடாதீர்கள்.

கமான் பட்டைகள் நிஜ எஃகு. வெறும் வண்டியாக ஓட்டினால் காலி லாரி போலவே குதிக்கும். சரக்கு ஏற்றினால் அடங்கிவிடும். எவ்வளவு ஏற்றலாம்? நீளம், அகலம், உயரம் மூன்றும் 14-ல் ஒரு பங்காகக் குறைவதால் எடை 2,744-ல் ஒரு பங்கு. 40 டன் வண்டிக்குக் கணக்குப்படி மொத்தம் பதினாலரைக் கிலோவுக்குப் பக்கம் வருகிறது. அவ்வளவு தேவையில்லை. 40 அடி கண்டெய்னர் டிரெய்லருக்குள் ஐந்து கிலோ பாஸ்மதி மூட்டை ஒன்று போதும், நடையே மாறிவிடும். ஓட்டி முடித்ததும் இறக்கிவிடுங்கள். பாரத்தோடு மாதக்கணக்கில் நின்றால் டயர் தட்டையாகும். அரிசியும் வீட்டுக்குத் தேவைப்படும்.

அழகு வேலையில் எனக்குப் பிடித்தது ஸ்லீப்பர் கேபின், அதாவது கேபினுக்குப் பின்னால் டிரைவர் படுக்கும் அறை. நீளமான சட்டங்கள் தனியாக விற்கிறார்கள். அவற்றைப் போட்டுச் சேசிஸை நீட்டி, ஜாயின்ட் ஷாஃப்டையும் அதற்கேற்ப மாற்றி, ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் ஸ்லீப்பரை நானே கட்டினேன். பாடி ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்பதால் டாமியா ஸ்ப்ரேயில் டிஎஸ் வகைதான் வேண்டும். பிஎஸ் என்பது ரேஸ் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கு. குளிர்காலத்தில் ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்து எடுத்தால் பெயின்ட் மெலிதாக விழும். குரோம் பூசிய பாகங்களை ஒட்டும்போது ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். பசை பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும், பூச்சைப் பிடிக்காது.

விளக்கும் எஞ்சின் சத்தமும் என் வரிசையில் கடைசி. விளக்கு, சத்தம், அதிர்வு எல்லாம் தரும் டாமியாவின் எம்எஃப்சி யூனிட் விலை லாரிப் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது கேபின் அதிர்வது அருமை, மறுக்க மாட்டேன். ஆனால் வருடங்கள் போகப் போக என் மேசையில் பழுதுக்கு வந்தவை பெரும்பாலும் ஒயர்கள். கேபினைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மடங்கி, உள்ளுக்குள் அறுந்துபோகும். கேபினுக்குப் போகும் எல்லா ஒயரையும் ஒரே கனெக்டரில் கொண்டுவந்து, கொஞ்சம் நீளமாகவே விடுங்கள்.

வசந்த காலத்தில் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நடக்கும் இன்டர்மொடெல்பாவ் என்ற மாடல் கண்காட்சிக்கு முடிந்தால் போய்வாருங்கள். நிஜமான ஹைட்ராலிக்கில் இயங்கும் மாடல் பொக்லைன் மண் அள்ளி டிப்பரில் கொட்டும். அங்கே டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பவர்களை நின்று கவனித்தேன். வண்டி நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறும், டிரெய்லர் இன்னொரு முறை மாற்றும். கைதேர்ந்தவர்கள் ஸ்டீயரிங்கைத் துளித் துளியாகத்தான் தொடுகிறார்கள்.

பழைய வண்டி வாங்குவதென்றால் மூன்றைப் பாருங்கள். மேசையில் வைத்தால் சட்டம் ஆடுகிறதா, மூன்று கியரும் சுத்தமாக விழுகிறதா, கேபின் ஒயர் எங்காவது டேப் சுற்றியிருக்கிறதா. பெயின்ட் கேவலமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். விலை குறையும், எப்படியும் நீங்கள் வேறு கலர்தான் அடிக்கப்போகிறீர்கள்.