முட்டி ஜவ்வு ஆபரேஷன்: கோவையில் தங்குவதா, குன்னூருக்குத் திரும்புவதா?

கோவையில் ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்துவைக்கும் ஜவ்வு) ஆபரேஷன் முடிந்ததும் குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் பலருக்கும் இதே குழப்பம்தான்.

செலவு
கோவை: அறை வாடகை, சாப்பாடு, கூட இருப்பவரின் சம்பள இழப்பு.
வீடு: பிசியோதெரபி கட்டணமும் வண்டிச் செலவும்தான்.

பயணம்
கோவை: ஆட்டோ போதும்.
வீடு: செக்கப்புக்கு இறங்க வேண்டும். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் முட்டியை மடக்கியே உட்கார்ந்தால் வீக்கம் ஏறும். காரில் பின்சீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாம்.

தரை
கோவை: சமதளம், ஊன்றுகோல் நடை சீக்கிரம் பழகும்.
வீடு: எஸ்டேட் லைன் வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) என்றால் ரோடு வரை படிதான், மழைக்காலத்தில் பாசி வேறு. ஏறுவதைவிட இறங்குவதே முட்டிக்குப் பாரம். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலோடு ஆபரேஷன் செய்த கால் முதலில். முதல் சில மாதங்களில் வலி போயிருக்கும், ஆபரேஷனில் வைத்த புது ஜவ்வு இறுகியிருக்காது. ஆபத்தே அங்குதான்.

பயிற்சி
கோவை: முட்டி முழுதாக நீளவில்லை என்றால் பிசியோ உடனே பிடித்துவிடுவார். நமக்கு அது தெரியாது.
வீடு: குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடைத் தசையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்துவதைக் கட்டிலிலேயே செய்யலாம். குளிரில் சோம்பல் வரும், சொல்லிவிட்டேன்.

வாசல்வரை வண்டி வரும், பக்கத்திலேயே பிசியோ இருக்கிறார் என்றால் வீடே போதும். படி வீட்டுக்காரர்கள் ஊன்றுகோலை விடும்வரை கோவையில் இருப்பதே நல்லது. கால்பந்து ஆடுபவர்கள் எங்கே தங்கினாலும் 9 மாதத்துக்கு முன் மைதானம் பக்கம் போகக்கூடாது; அதன் பிறகும் தொடை பலத்தைச் சோதித்துவிட்டுத்தான்.