முகமா, கழுகா? அரை டாலரின் அச்சு வகையை எங்கிருந்து பிடிப்பது

அமெரிக்காவின் பழைய அரை டாலர் நாணயங்களை அச்சு வாரியாகப் பிரித்தது ஆல் ஓவர்ட்டனின் பட்டியல். அதில் ஓர் ஓவர்ட்டன் எண் என்றால் ஒரு முன்பக்க அச்சும் ஒரு பின்பக்க அச்சும் சேர்ந்த ஜோடி. ஆகவே கடைசியில் இரண்டு பக்கத்தையும் பார்த்தே தீர வேண்டும். எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஜான் ரைக் வடிவமைத்து 1807 முதல் 1836 வரை ஃபிலடெல்பியாவில் அடித்த, விளிம்பில் எழுத்துள்ள அரை டாலரில் இப்படி 450 ஜோடி வாக்கில் உண்டு. பட்டியலின் படங்களை முதலிலிருந்து வரிசையாகப் புரட்டினால் ஒரு நாணயத்துக்கே பொழுது சாய்ந்துவிடும்.

முன்பக்கத்தில் உள்ள லிபர்ட்டி என்ற பெண்ணின் உருவமும் பின்பக்கக் கழுகும், பல அச்சுகளுக்குப் பொதுவான தாய் அச்சிலிருந்து வந்தவை. நட்சத்திரம், ஆண்டு இலக்கம், சுற்றெழுத்து ஆகியவற்றைக் கைத்தொழிலாளி ஒவ்வொன்றாகத் தட்டிப் பதித்தார். அதனால் கூந்தலையும் இறகையும் உற்றுப் பார்ப்பது வீண் வேலை. இடைவெளிகள்தான் பேசும்.

முன்பக்கத்தில் தொடங்குவோருக்குச் சில ஆண்டுகள் வரம். 1823-இல் உடைந்த 3, ஒட்டுப்போட்ட 3, கோணல் 3 என்று பெயர் பெற்ற அச்சுகள் கண்ணில் பட்டவுடன் பட்டியல் சுருங்கிவிடும். 1817/3, 1818/7, 1824/4 போலப் பழைய இலக்கத்தின் மேல் புதியதை அடித்தவையும் அப்படியே. 1815-இல் தேடவே வேண்டாம்: 47,150 நாணயங்கள், ஒரே ஜோடி, எல்லாவற்றிலும் 5-க்கு அடியில் 2-இன் சுவடு. அதிகம் தேயாத ஒரு 1815-இல் அந்தச் சுவடு இல்லையென்றால் வகையை விடுங்கள், நாணயமே அசலா என்று பாருங்கள்.

இலக்கம் கைகொடுக்காத ஆண்டுகளில் இந்த வழி தடுமாறும். அப்போது மிஞ்சுவது 13 நட்சத்திரங்கள், இடப்பக்கம் 7, வலப்பக்கம் 6. நட்சத்திர முனை விளிம்புப் பற்களில் எதை நோக்குகிறது என்பது நல்ல அடையாளம்தான். ஆனால் இந்த நாணயங்கள், உலோகம் பக்கவாட்டில் பரவாமல் தடுக்கும் மூடிய வளையத்துக்குள் அடிக்கப்பட்டவை அல்ல. நாணயம் சற்று விலகி அடிபட்டால் ஒரு பக்கப் பற்களே இருக்காது. முனைகளும் பல நாணயங்களில் தட்டையாகவே விழுந்திருக்கும். முதல் நட்சத்திரத்துக்கும் மார்பு முனைக்கும், 13-ஆவதுக்கும் கூந்தல் சுருளுக்கும் உள்ள தூரத்தை ஒப்பிடுவது மேல்.

பின்பக்கத்தில் தொடங்கினால் முதல் கேள்வி ஒன்றுதான்: கழுகுக்கு மேலே வாசகம் பொறித்த பட்டையில் உள்ள ‘ப்ளூரிபஸ்’ என்ற சொல்லின் ‘ஐ’, அதற்கும் மேலே சுற்றெழுத்தில் வரும் ‘ஸ்டேட்ஸ்’ என்பதன் முதல் ‘டீ’க்கு இடமா, நேர் கீழா, வலமா? ‘ஐ’யின் நடுக்கோட்டை மேல்நோக்கி நீட்டிப் பாருங்கள், பட்டியல் மூன்றாகப் பிரியும். அடுத்து, பட்டையின் இரு முனைகள் எந்தெந்த எழுத்தின் கீழ் வருகின்றன. பிறகு கழுகுக்குக் கீழே ‘50’க்கும் சென்டைக் குறிக்கும் ‘சி’க்கும் உள்ள இடைவெளி, 5-உம் 0-உம் ஒரே மட்டமா என்பது. இந்த இடத்தில் அச்சு வெட்டியவரின் தவறும் சிக்கும்: 1807-இல் 20 என்று தொடங்கி 50 ஆக்கியது, 1813-இல் தலைகீழாக அடித்த ‘யுஎன்ஐ’ (‘யுனைடெட்’ என்பதன் முதல் மூன்று எழுத்து) மேல் 50 சி அடித்தது.

இதற்கும் குறை உண்டு. மறுபக்கத்தில் தோளின் ஆடைக் கொக்கி உலோகத்தை இழுத்துக்கொள்வதால் பட்டையின் எழுத்து மங்கியே விழுவது சகஜம். ‘ஐ’ தெரியாவிட்டால் ‘50 சி’யில் தொடங்குங்கள். ஆண்டு இல்லாத பின்பக்க அச்சு பல முன்பக்கங்களோடு ஜோடி சேர்ந்திருப்பதால், இந்த வழி தருவது குறும்பட்டியல் மட்டுமே.

மூன்றாவது வழி, பட்டியல் படத்தின் மேல் உங்கள் நாணயத்தின் படத்தை வைப்பது. விளிம்பை வைத்து அளவு பொருத்துவதுதான் இதில் பெரிய பிழை. வளையம் இல்லாததால் விட்டம் சற்று மாறும். லிபர்ட்டியின் உருவத்தை வைத்துப் பொருத்த வேண்டும். கேமரா சாய்ந்தாலும் எழுத்துகள் நகர்ந்ததுபோல் தெரியும். பெட்டியில் அடைத்த நாணயத்தில் கண்ணாடி மின்னுவதோடு விளிம்பும் மறையக்கூடும். 1809-இன் குறுக்குக்கோட்டு விளிம்பைத் தேடுவோருக்கு அது நட்டம். சரிபார்க்க இது போதும், கண்டுபிடிக்கப் போதாது.

எங்கள் தேர்வு: மேல்அடி இலக்கம் இருந்தால் முன்பக்கம், மற்றபடி பின்பக்கம். நாற்பதுக்கும் மேல் வகைகள் உள்ள 1827-இல் இரண்டையும் கலக்க வேண்டும். 2-இன் அடி சதுரமா சுருளா என்று பார்த்துவிட்டுத் திருப்பி, ‘ஐ–டீ’, ‘50 சி’, கடைசியில் நட்சத்திரம். 10 மடங்கு உருப்பெருக்கியும் ஒருபக்க விளக்கும் போதும். மைக்ரோஸ்கோப் காட்டும் வட்டத்தில் இரண்டு எழுத்து சேர்ந்து விழாது, இடைவெளி எப்படித் தெரியும்?

விரிசலை முதல் சாட்சியாக எடுக்காதீர்கள். 1807-இல் முகவாயிலிருந்து தாடிபோல் இறங்கும் விரிசல் இருந்தால் பலமான ஆதாரம். இல்லையென்றால் அச்சு அப்போது உடையவில்லை, அவ்வளவே. 1814-இன் ‘ஒற்றை இலை’யும் அப்படித்தான்: அச்சைத் தேய்த்துச் சீர்செய்தபோது ஓர் இலை போய்விட்டது, அது புது அச்சல்ல, ஓவர்ட்டன் எண் 105-இன் (ஓ-105) பிந்தைய நிலை, எனவே ஓ-105ஏ. விரிசலும் தேய்ப்பும் நிலை மாற்றங்கள். எழுத்து இடைவெளி மட்டும் அச்சின் ஆயுள் முழுக்க நகராது. அதில் ஒரே ஓர் இடம் தெளிவாகப் பொருந்தவில்லையென்றாலும் அந்த எண்ணை நீக்கிவிடுங்கள்.